தட்டை அறுத்த நாட்கள்

பிப்ரவரி 9, திங்கள்
வைக்கோல் தீர்ந்துவிட்டது. மாடு என் முந்தானையைச் சப்பிப் பார்க்கிறது. வயிற்றில் கன்று வேறு. வயலில் மக்காச்சோளத்தட்டை காய்ந்து நிற்கிறது. அங்கே கதிர் ஒடித்துக்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக்காரர் சாய்ந்தார்; பிறகு எழவேயில்லை. மீதிக் கதிரை ஆட்கள் ஒடித்துக் கொடுத்தார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பிப்ரவரி 10
கொழுந்தன் வந்தான். உட்காரவில்லை. "அண்ணி, தட்டைய நாளைக்குக் கொளுத்திடலாம்னு இருக்கேன்."
"மாட்டுக்கு என்னத்தப் போடுவேன் தம்பி?"
"வித்துடுங்க."
எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். அவர் பார்த்துப் பார்த்து வளர்த்த மாடு. வயலில் பாதி எனக்கும்தானே என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "ஞாயித்துக்கெழம வரைக்கும் விடு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

பிப்ரவரி 11
அரிவாளோடு போனேன். தட்டை என் தலைக்கு மேல் நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் அடுத்த வரிசையில் அவர் இருப்பதுபோலச் சலசலப்பு. காற்றுதான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் கூப்பிட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12
தட்டையின் தோகை கையெல்லாம் கீறிவிட்டது. பேனா பிடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 13
விடிகாலையில் மழை. அறுத்துப் பரப்புனது எல்லாம் ஊறிப்போச்சு. ஈரத்தோட அடுக்கினா பூஞ்சணம் புடிச்சுடும், மாடு வாய வைக்காது. ஒருத்தி எத்தனையத்தான் புரட்டுவேன்? வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அவருக்காகவா, தட்டைக்காகவா?

நிமிர்ந்தால், வயலின் அந்தக் கோடியில் கொழுந்தன். நனைந்த தட்டையைச் சிறு கட்டுகளாகக் கட்டி வெயிலுக்கு நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தான். போய்ச் சேர்ந்துகொண்டேன். கட்டுக் கட்டாக நிமிர்த்தினோம். பிறகு அவனாகவே சொன்னான்.
"அண்ணன் தண்ணி கேட்டாரு அண்ணி. நான் கொண்டு வர்றதுக்குள்ள... இந்தத் தட்டை நிக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. அதான் கொளுத்தலாம்னு."
"அந்தக் கயித்தக் கொடு" என்றேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு
முழுதும் அறுத்தாயிற்று. வயல் மொட்டையாகக் கிடக்கிறது. பார்க்கத்தான் முடியவில்லை.

பிப்ரவரி 22
காய்ந்த கட்டுகளை இருவருமாகக் கொட்டகையில் அடுக்கினோம்.

மார்ச் 8
கொழுந்தன் டவுனுக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த வயலில் இனிக் கால் வைக்க முடியாதாம். குத்தகைக்கு விடச் சம்மதித்தேன். தனியாக என்னாலும் ஆகாது. குத்தகைக்காரர் இன்று வந்தார்.
"கதிர் மட்டும்தாம்மா எனக்கு. தட்டைய வருசா வருசம் எங்க அண்ணிக்கு விட்டுடணும்னு உங்க கொழுந்தனாரு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காரு."
கொட்டகைக்குப் போய் ஒரு கட்டைப் பிரித்து மாட்டுக்கு நறுக்க ஆரம்பித்தேன்.