முந்தானையில் உபயம்

ஆவணி 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதாக ஏமாற்றுகிறது. முழங்காலுக்குத் தைலம் வாங்க வேண்டும்.

மாதிரிக்கு நெய்த புடவையோடு பிரபு வந்தான். தம்பி மகன், பட்டுக் கடையும் குடும்ப அறக்கட்டளையும் இப்போது அவன் கையில். மாம்பழ நிறம், அரக்கு பார்டர். நெசவில் குறை சொல்ல முடியாது. முந்தானையை விரித்தான். ஜரிகையில் எழுத்து: ‘உபயம்’. அதன் கீழே அறக்கட்டளையின் பெயர்.

“இன்னாடா இது?”

“இப்ப டிரஸ்ட்டுக்குச் சென்னை ஃபண்டும் வருது பெரியப்பா, நம்ம பணம் மட்டும் இல்ல. போட்டவங்க கேக்கறாங்க. பொண்ணு இதைக் கட்டிகினு நிக்கற போட்டோ அனுப்பணும்.”

“கல்யாணப் பொண்ணு இன்னா கோயில் டியூப்லைட்டா?”

சிரித்தான். “உங்களோட எப்பவும் பேஜார்தான்.”

அப்பா வைத்த வழக்கம்: கல்யாணம், கையில் வசதி இல்லை என்று வந்து சொன்னால் போதும். பெண்ணே ஒரு முகூர்த்தப் புடவை எடுத்துக்கொள்வாள். பெயர் கேட்கக் கூடாது. காசு கொடுத்தவர்களுக்குத் தரும் அதே பெட்டி. மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இனி எழுத்துப் புடவை மட்டும்தானாம். தீர்மானத்துக்கு மூத்த அறங்காவலர் கையெழுத்து வேண்டும். அதாவது நான். போடவில்லை.

ஆவணி 4, புதன்

தூக்கமில்லை. மூக்குக் கண்ணாடியின் காது ஆடுகிறது. தைலம் மறந்தேன்.

தம்பி போனில்: “படிச்ச புள்ளைங்க செய்யுதுங்க, வுடுண்ணே.” படித்த பிள்ளைகள்! இவன் படிக்கத்தான் நான் பள்ளியை விட்டுக் கல்லாவில் உட்கார்ந்தேன். புடவை சுற்றி வந்த பழைய பேப்பரில் எழுத்துக் கூட்டினேன். எழுத்தை எங்கே போடக் கூடாது என்று தெரியும் அளவுக்குப் படித்திருக்கிறேன்.

ஆவணி 6, வெள்ளி

கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தவாசலிலிருந்து ஒரு தாயும் மகளும். வரும் வியாழன் கல்யாணம், கையில் வசதி இல்லை என்றார்கள். அந்த எழுத்துப் புடவையை மட்டும் பிரித்தான் பிரபு. அலமாரியில் இருந்த ஊதாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் பெண். முந்தானை விரிந்ததும் வாய்க்குள்ளேயே படித்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

தாய் மெதுவாக: “நல்லாத்தான்டி கீது. எழுத்து உள்ள போற மாதிரி கட்டிக்கலாம். போட்டோவுக்கு மட்டும் பிரிச்சிக் காட்டு.”

“மாப்பிள்ளை வூட்ல பாப்பாங்கம்மா.”

எனக்குப் பொறுக்கவில்லை. “திங்கக்கிழமை வாங்கம்மா. வேற தர்றேன்.” பிரபு முறைத்தான். அவர்கள் வெறுங்கையோடு பஸ் ஏறினார்கள். என்னால்தான். உறுத்துகிறது.

ஆவணி 8, ஞாயிறு

வீட்டில் அறக்கட்டளைக் கூட்டம். மெதுவடை, காபி, லேப்டாப். நான் சொன்னேன்: “கையெழுத்து போடறேன். முதல் புடவை நம்ம வூட்டுப் பொண்ணுக்கு. தையில நிவேதா இதையே கட்டிகினு மணையில உக்காரட்டும்.” நிவேதா பிரபுவின் தங்கை. காபி ஊற்றிக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்தாள். ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

“கட்டிக்கறேன் பெரியப்பா. இதுல இன்னா வெக்கம்? நம்ம பேருதானே?”

விளையாட்டாகச் சொல்லவில்லை. நல்ல பெண். பிரபு பேனாவை நீட்டினான்.

“நம்ம பேரு. அதனாலதாம்மா உனக்கு வெக்கமா இல்ல.”

“வாக்கு குடுத்தீங்க பெரியப்பா” என்றான் பிரபு. ஆமாம், கொடுத்தேன். வாக்கு மாறியவன் என்று ஆரணி முழுக்கச் சொல்லட்டும். பேனாவை மூடிவைத்தேன்.

ஆவணி 9, திங்கள்

ஒருவழியாக மழை. தாயும் மகளும் நனைந்துகொண்டே வந்தார்கள். அறக்கட்டளைக் கணக்கில் தர முடியாது என்றான் பிரபு. தராதே. நான் வாங்குகிறேன் என்றேன்.

பெண்ணே எடுத்தாள். நான் நினைத்த ஊதா இல்லை, கிளிப்பச்சை. எல்லோருக்கும் தரும் பெட்டி. ஒரு காலத்தில் நான் உட்கார்ந்த கல்லாவுக்கு முன்னால் வரிசையில் நின்றேன்.

“பில்லு யார் பேருலங்கய்யா?” கம்ப்யூட்டரில் இருந்தவள் கேட்டாள்.

“பேரு வேணாம்.”

“பேரு போடலன்னா மிஷின் எடுக்காதுங்கய்யா.”

என் பெயரைச் சொன்னால் அதுவும் உபயம்தான். கல்யாணப் பெண்ணின் பெயர் தெரியாது. கேட்கக் கூடாது என்பது வழக்கம். பின்னால் இருந்தவர், “ஜல்தி பெரியவரே” என்றார்.

பெண் என்னைத் தாண்டி முன்னே வந்தாள். தன் பெயரைத் தானே சொன்னாள், கடை முழுக்கக் கேட்கும்படி. இனிஷியலோடு.

பில் அவள் பேரில். பெயரை இங்கே எழுத மாட்டேன்.