மகாலட்சுமிக்கு வந்த உன் முகவாய்

இன்று காலை படம் எழுதுவதற்காகப் புதுத் துணியில் கட்டம் போட உட்கார்ந்தேன். கரித்தூள் தடவிய நூலை இழுத்துச் சுண்டியதும், என்னை அறியாமல் "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தமிழ்தான். கட்டத்தை மட்டும் தெலுங்கில் எண்ணுவது உன்னிடமிருந்து தொற்றியது. பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யார்கிட்டங்க பேசறீங்க?" என்றார். உன்னிடம்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

யாரோ ஒரு மேதை வரைந்து, அச்சாகி ஊரெல்லாம் போன படத்தைப் பார்த்துப் பெரிதாக வரைந்து கொடுக்கிற பிழைப்பு நம்முடையது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, தாமரைமேல் நிற்கும் அந்த ஒரே மகாலட்சுமியை எத்தனை கல்யாண வீட்டுக்கு அனுப்பியிருப்போம்! புடவை, நகை, தாமரை, யானை எல்லாம் உன் பங்கு. முகம் என் பங்கு. நான் முகத்தைத் தொடங்கினால், நீ எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து அடுத்த சட்டத்துக்குத் துணி இழுத்து ஆணி அடிப்பாய். கை ஓய்ந்தாலும் உன் வாய் ஓயாது.

நம் தெருவுக்குக் கரண்ட் கம்பம் நட்ட மழைக்காலத்தில், சுவரோடு இருந்த அச்சுப் படத்தில் கரையான் ஏறியது. யானையை விட்டுவிட்டு முகத்தை மட்டும் தின்றிருந்தது. பெங்களூர் போய்ப் புதுசு வாங்கலாம் என்றேன். "உனக்கு அது மனப்பாடம்தானேப்பா, சும்மா போடு" என்றாய். நானும் போட்டேன். வருஷக்கணக்கில் அப்படியே போட்டுக்கொண்டிருந்தேன்.

சூளகிரிப் பக்கம் ஒரு நிலக்காரரின் புது வீட்டுக்கு ஆள் உயரப் படம் கேட்டார்களே, அப்போதுதான் குட்டு உடைந்தது. போர்வையில் சுற்றி பஸ் மேலே ஏற்றிக்கொண்டு போனோம். கூடத்தில் பிரித்ததும், நீ அதைச் சுவரோடு தாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். அவருடைய அக்கா படத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, இங்க வந்து பாருடா. மகாலட்சுமிக்கு இந்த அண்ணனோட மொகவாக்கட்டை!"

நானும் பார்த்தேன். நீண்ட முகவாய், அகலமான நெற்றி, கொஞ்சம் கோணலான மூக்கு. மீசை ஒன்றுதான் பாக்கி. நிலக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாமி படம் கேட்டா ஆள் படத்தைக் கொண்டாந்து குடுக்கறீங்களா?" என்று கத்தினார். நீ அசரவில்லை. "ஐயா, எனக்கு அந்தம்மா சாயல் இருக்குதுன்னா அது எங்க ஆத்தா செஞ்ச புண்ணியம். நீங்க கோவிச்சா எப்படி?" என்றாய். அந்த அக்கா விழுந்து விழுந்து சிரித்து, படத்தை அங்கேயே மாட்டச் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் உன்னோடு சண்டை போட்டேன். அச்சைப் பார்த்துப் படம் எழுதுகிறவனுக்கு இதைவிட அவமானம் உண்டா? நீ சாவகாசமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டு, "இத்தினி வருசமா எதிர்ல என்னையே பாத்துட்டிருந்தே. கண்ணு வேற எங்க போவும்?" என்றாய். முகவாய் போனால் போகட்டும், லட்சுமியின் சிரிப்பு அச்சுப் படத்தில் இருந்ததேதான், அதில் மயிரிழை பிசகவில்லை என்று நான் அடித்துப் பேசினேன். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரி, சிரிப்பை நீயே வெச்சுக்க" என்றாய். அடுத்த வாரமே பெங்களூர் போய்ப் புது அச்சுப் படம் வாங்கிவந்தோம்.

போன வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். எனக்கு உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

வருஷத் திதிக்கு உன் படம் வேண்டும் என்று உன் மனைவி கேட்டார். உனக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. "கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுக்கிறவன் முன்னாடி நாம போய் நிக்கறதா?" என்று வீறாப்பாகவே இருந்துவிட்டாய். பத்து நாள் துணியின் முன்னால் உட்கார்ந்தேன். பார்க்க ஒன்றும் இல்லாமல் என் கை நகரவில்லை. ஆயிரம் படம் எழுதியவனுக்குக் கூட்டாளியின் முகம் வரவில்லை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நான் அழுதேன்.

கடைசியில் சூளகிரிக்கு பஸ் ஏறினேன். அந்த அக்கா, "அந்த அண்ணன் வரலைங்களா?" என்று கேட்டார். சொன்னேன். படத்தின் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, எனக்கு முக்காலி கொண்டுவந்து போட்டார். கட்டம் போட்டு உன் முகத்தை எடுத்தேன். கிரீடத்தை விட்டேன், நகைகளை விட்டேன், மீசை வைத்தேன். சிரிப்பையும் விட்டுவிட்டேன். அது அச்சுப் படத்தின் சொத்து, உனக்கு எதற்கு என்று உதட்டை மூடினாற்போல் போட்டேன்.

திதிக்கு முதல் நாள் உன் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். உன் மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மாமா, எல்லாம் அப்பாதான். ஆனா அப்பா இப்படி உம்முனு இருக்க மாட்டாரே" என்றாள். உன் மனைவியும் பக்கத்தில் வந்தார். "ஆமாங்கண்ணா. எடது பக்கம் மட்டும் லேசா ஏத்திச் சிரிப்பாரே, அது எங்க?"

இடது பக்கம் மட்டும் லேசாக ஏறுகிற அந்தச் சிரிப்பு! கடைக்கு ஓடிவந்து, பெங்களூரில் வாங்கிய அச்சுப் படத்தை எடுத்து, சிரிப்பு மனப்பாடம் என்று அதுவரை உற்றுப் பார்க்காத வாயைப் பார்த்தேன். அதில் இரண்டு பக்கமும் ஒரே அளவாகத்தான் இருந்தது. அத்தனை வருஷமும் நான் போட்டது உன் சிரிப்பு. அன்றைக்கு பஸ்ஸில் உனக்கு இது தெரியும். தெரிந்துதான் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாய்.

திரும்பப் போய், உன் மனைவியும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, ஈரம் காயாத உதட்டில் அதைப் போட்டேன். கட்டமும் போடவில்லை, எதையும் பார்க்கவும் இல்லை. கை தானாகப் போனது.

இப்போதும் லட்சுமி கேட்டு ஆட்கள் வருகிறார்கள். நெற்றி, மூக்கு, முகவாய் எல்லாம் அச்சுப் படத்தைப் பார்த்துக் கட்டம் கட்டமாக ஒழுங்காகத்தான் போடுகிறேன். வாய்க்கு வரும்போது மட்டும் கை இடது பக்கம் கொஞ்சம் ஏறுகிறது. நான் தடுப்பதில்லை.