உன் கடல்மீன் தொட்டியின் கற்கள்

திருவண்ணாமலை,
ஆடி 9.

அன்புள்ள சிந்துவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கு பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், நீயும் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறாய், இது அவசரத்தில் சொல்லக்கூடியது இல்லை. எதிர்வீட்டு வேதா வெள்ளிக்கிழமை உன் ஊருக்குத்தான் படிக்க வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன், கூடவே வேர்க்கடலைப் பொடியும் இருக்கும், வாங்கிக்கொள்.

மாசி பௌர்ணமி அன்று காலையில் அப்பா விழுந்ததும், வலது கையும் காலும் பேச்சும் போனதும் உனக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூரிலிருந்து மாறன் மாமா வண்டியோடு வந்து, மாடியில் குடியிருக்கும் அந்தப் பெண் எழிலும் அவரும் அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கேஸை மூடினேன், கதவைப் பூட்டினேன், வாசலில் இருக்கும் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்தேன். நீ அப்பாவிடம் விட்டுப்போன கடல்மீன் தொட்டியின் மோட்டார் நின்றுவிடக்கூடாது என்று, அது வந்த பிறகு நானும் அப்பாவும் சேர்ந்து ஒரு நாள்கூட வெளியே தங்கியதில்லை, ஒருவர் போனால் ஒருவர் இருப்போம். அதற்கு முன்னால் இருந்த பழக்கம், கை தானாகப் போய்விட்டது. கிரிவலக் கூட்டத்தில் செங்கம் ரோட்டைத் தாண்டவே அரை மணி ஆனது. அவ்வளவு நேரமும் அப்பா இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்து ம்... ம்... என்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். பயப்படுகிறார் என்று நினைத்து, ஒண்ணும் ஆவாது, பேசாம படுங்கனு சொன்னேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். திரும்பி வந்தபோது கேட்டைத் திறக்கும்போதே நாற்றம் அடித்தது. மீன் இரண்டும் போய்விட்டன, இறால், நத்தை எல்லாம் போய்விட்டன, தண்ணீர் கறுத்துக் கிடந்தது. கரன்ட் போயிருக்கும்னு எல்லாரிடமும் சொன்னேன், உன்னிடமும் அதையேதான் சொன்னேன். நீ கொஞ்சம் அழுதுவிட்டு, எல்லாத்தையும் தூக்கிப் போடுமா, அப்பாவப் பாத்துக்கறதே உனக்கு ஜாஸ்தினு சொன்னாய். நீ சொன்னது நியாயம்தான். ஆனால் அப்பா காலையில் எழுந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தக் கறுப்புத் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் வாயைத் திறக்கமாட்டார். இருந்ததுபோலத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டால் நான் செய்தது இல்லை என்று ஆகிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால்தான் உன் பேச்சைக் கேட்கவில்லை.

தொட்டிக்குள் அடுக்கியிருந்தது பதினேழு கல், சிந்து. நீ கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கி வந்தபோது அவை எவ்வளவு லேசாக இருந்தன என்று நினைவிருக்கிறது, இப்போது தண்ணீர் ஊறி ஒவ்வொன்றும் அம்மிக்குழவி கனம். ஒவ்வொன்றாக எழில் வீட்டுக்கு முன்னால் இருக்கும் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். கல் முழுக்கப் பொத்தல், பொத்தலுக்குள் செத்த புழுவும் கறுப்புச் சேறும், அழுகின முட்டை நாற்றம். பழைய டூத்பிரஷ், ஆணி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் வைத்துச் சுரண்டினேன். டிரம்மில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஒரு வாரம் ஊறப்போட்டேன், விரல் நுனியெல்லாம் உரிந்துவிட்டது. நல்ல தண்ணீரில் நாலு தடவை அலசி பங்குனி வெயிலில் காயவைத்தேன், சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. அப்பாடா என்று ஒரு கல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, தண்ணீரில் அழுகல் இருக்கிறதா என்று பார்க்க நீ விட்டுப்போன மருந்தைக் குழாயில் ஊற்றிப் பார்த்தால், மஞ்சளாக இருக்க வேண்டியது பச்சையாகிறது. மேலே வெள்ளை, உள்ளே செத்தது உள்ளேயே இருக்கிறது. மறுபடி எல்லாவற்றையும் பிளீச்சிங் தண்ணீரில் போட்டேன். அப்பாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுத்து, பிறகு மாடி ஏறி இதையும் பார்க்க உடம்பு ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் ஹார்டுவேர் கடைக்காரர், இன்னாத்துக்கும்மா இவ்ளோ கஷ்டம், ஆசிட் ஊத்துங்க, ஒரே நாள்ல சுத்தமாயிடும்னு சொன்னார்.

பிளீச்சிங் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிட்டேன். புஸ்ஸென்று பொங்கியது, ஒரு நாற்றம் வந்து நெஞ்சை அடைத்தது, கண் தெரியவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் இருமியது கீழே அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. நாலு அடி நடக்கவே ஆள் வேண்டும் என்றிருந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டும் தவழ்ந்தும் பதினாலு படி ஏறி வந்து, இடது கையால் என்னைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துவந்தார். எழில் தண்ணீர் கொண்டு வந்து முகத்தில் அடித்துவிட்டு, ரெண்டையும் கலந்தா உசுருக்கே ஆபத்து, தெரியாதா ஆன்ட்டினு திட்டினாள். டாக்டரிடம் கூட்டிப்போக ஆட்டோ பிடிக்க அவள் இறங்கிப் போனதும், படியில் உட்கார்ந்து அப்பாவிடம் சொல்லிவிட்டேன், கரன்ட் போவலங்க, நான்தான் மெயினை அணைச்சேன், உங்க மீனைக் கொன்னது நான்தான்னு. அவர் வாய் கோணிக்கொண்டு போனது, ஏதோ சொல்ல முயன்றார். எனக்குப் பேச மூச்சு இல்லை, அதனால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, தெரியும்னு சொன்னார். அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, வண்டில... அதத்தான்... சொன்னேன்னு சொன்னார். விழுந்த பிறகு அவர் வாயில் வந்த முதல் பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு கல் வேலை அவருடையதாகிவிட்டது. நாலு கல் ஆசிட்டில் கரைந்து உதிர்ந்துவிட்டது, மிச்சம் பதிமூன்று. நல்ல தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, மூன்று வாரம் காயவைத்து, புது டிரம்மில் உப்புத் தண்ணீர் கலந்து கற்களைப் போட்டு, வெளிச்சம் படாமல் சாக்கு மூடி, மோட்டாரை ஓடவிட்டு, ஒரு சிட்டிகை மீன் தீனியும் போட்டு எட்டு வாரம் வைத்தோம். வாராவாரம் இடது கையாலேயே குழாயைக் குலுக்கி அவர்தான் பார்ப்பார், கம்மி ஆவுது, கம்மி ஆவுது என்பார். போன செவ்வாய்க்கிழமை குழாய் மஞ்சளாகவே நின்றது. இப்போது தொட்டியில் கல்லும் தண்ணீரும் மட்டும் இருக்கிறது. மீன் எப்போது என்று கேட்டால், பொறு என்கிறார். எனக்கு அந்தத் தொட்டி மேல் ஆசையெல்லாம் இல்லை சிந்து, உண்மையைச் சொன்னால் அலுத்துப்போய்விட்டது. அம்மா கெட்டிக்காரி என்று நீ யாரிடமும் சொல்ல வேண்டாம். இருமல் இன்னும் முழுக்க விடவில்லை, டாக்டர் பயப்பட ஒன்றும் இல்லை என்கிறார்.

உன்னிடம் பொய் சொன்னதற்கு வருத்தப்படுகிறேன். அங்கே இப்போது குளிர்காலமாமே, காதை மூடிக்கொண்டு போ, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இனிமேல் போன் செய்தால் என்னிடம் கேட்டுவிட்டு வைத்துவிடாமல் அப்பாவிடம் கொடுக்கச் சொல். குழறுகிறது என்று வெட்கப்பட்டு வேண்டாம் என்பார், விடாதே. ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகும். என்ன சொல்ல வருகிறார் என்று உனக்குத் தெரிந்தாலும் நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே, முடிக்கிற வரைக்கும் இரு.

உன் அம்மா,
திரௌபதி இளவரசன்