பாதி மேட்டில் நிற்கும் தவளை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் தவளை பாதி மேட்டில் நின்றுவிட்டது. தவளை என்பது எங்கள் காட்டு வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் தொட்டி, நாலு தடித்த சக்கரம். குண்டு குழியில் துள்ளித் துள்ளிப் போவதால் மகன் வைத்த பெயர். அவன் போய் நான்கு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அதை எழுத உட்காரவில்லை.

தேன் பெட்டிகளை மேலே கொண்டுபோக வேண்டும். பூவெல்லாம் அங்கேதான் பூத்திருக்கிறது. இங்கே தேனீக்களுக்குத் தின்ன ஒன்றுமில்லை. வண்டி ஒழுங்காகக் கிளம்புகிறது, ஓடையைத் தாண்டுகிறது, ஏற்றத்தில் பாதி போனதும் இருமிக்கொண்டே அணைந்துவிடுகிறது. வெகுநேரம் காத்துக் கிடந்தால் மறுபடி கிளம்பும். “பெட்ரோல் வரல அத்தை” என்றாள் மருமகள். டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கிறது. வராமல் எங்கே போகிறதாம்?

மார்ச் 5, புதன்

மருமகளின் அண்ணன் போன் செய்தான். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிறானாம். “ரெண்டு பொம்பளைங்க அந்தக் காட்டுல என்ன பண்ணப்போறீங்க?” என்றானாம். முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்தபோது நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தவன் அவன். பச்சைக் கைக்குட்டை. ஓரத்தில் ஓட்டை.

அவள் என்னிடம் சொன்னது இது: “வண்டி ஓடி, பெட்டியெல்லாம் மேல போயிட்டா நான் இங்கயே இருந்துக்கறேன் அத்தை. ஈயெல்லாம் செத்துப்போச்சுன்னா இருந்து என்ன பண்ண?”

சரி என்றேன். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. வாயில் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மெக்கானிக் வந்தான். எங்கள் ஏணியை இரவல் வாங்கி, ஒரு படி இல்லாமல் திருப்பிக் கொடுத்த மகானுபாவன். கேட்டதற்கு, “அப்படியேதான் இருந்துச்சு பெரியம்மா” என்றவன். வேறு ஆள் இல்லை, என்ன செய்ய.

டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தான். பிளக் மாற்றினான். ஃபில்டர் மாற்றினான். பம்பைக் கழற்றி வாய் வைத்து ஊதினான். முற்றத்திலேயே இரண்டு சுற்று ஓட்டினான். “பாத்தீங்களா பெரியம்மா, குதிரை மாதிரி ஓடுது!”

மார்ச் 8, சனி

குதிரை அதே இடத்தில் படுத்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

மெக்கானிக் மறுபடி வந்தான். அவனையும் தொட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். அதே இடத்தில் நின்றது. மூடியைத் திறந்தான், குச்சியை விட்டான், மூடினான், சாவியைத் திருப்பினான். உடனே கிளம்பிவிட்டது. “என் கைக்கு ஓடுது. உங்க கைக்கு ஓடலன்னா நான் என்ன பண்றது?” என்று சிரித்தான். மருமகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஏணிக் கணக்கோடு இதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

மகள் போன் செய்தாள். “நீ இங்க வந்துடும்மா. பசங்க பாட்டி பாட்டின்னு உயிரை விடுதுங்க.” என் பிறந்தநாளைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத பேரப்பிள்ளைகள். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. எதையும் யோசிக்க முடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு பெட்டி வாசலில் ஈக்கள் குவிந்து செத்துக் கிடந்தன. துடைப்பத்தால் கூட்டினேன். ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 12, புதன்

இன்றும் நானும் கூடப் போனேன். நின்றது. பெட்ரோல் குறைந்திருக்குமோ என்று மருமகள் கேனிலிருந்து ஊற்றினாள். கிளம்பிற்று. மறுபடி நின்றுவிடுமோ என்று பயந்து வீட்டுக்கே திரும்பிவிட்டோம். அவள் வீட்டுச் சாவிகளை ஒரு கயிற்றில் கோத்து ஆணியில் மாட்டினாள். என்னிடம் ஒப்படைக்கவா?

மார்ச் 13, வியாழன்

மறுபடி அதே மேடு, அதே இருமல். அவள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் எதுவும் மறக்காது. மறக்க முடிந்தால் தேவலை. நின்ற ஒவ்வொரு தடவையும் வரிசையாக வந்து நின்றது. காத்துக் கிடந்தது எப்போது, காத்திராமல் கிளம்பியது எப்போது? மெக்கானிக் குச்சி விட்டபோது உடனே கிளம்பிற்று. நேற்றுக் கேன் ஊற்றியபோது உடனே கிளம்பிற்று. மற்ற நாளெல்லாம் தவம் கிடந்தோம்.

“அந்த மூடியைத் திற” என்றேன்.

“பெட்ரோல் இருக்கு அத்தை.”

“இருக்கட்டும். சும்மா திற.”

திறந்தாள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது, வெகுநேரம் மூழ்கியிருந்தவன் தலை தூக்கியது போல. சாவியைத் திருப்பினாள். ஓடிற்று.

மெக்கானிக்குக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் கத்தியது எனக்கே கேட்டது. “அடக் கடவுளே! டேங்க்குக்கு மூச்சுக்குழாய் ஒண்ணு இருக்கும்மா. காத்து உள்ள போனாத்தானே பெட்ரோல் வெளிய வரும்! அது அடைச்சிருக்கு. நான் வேற ஒவ்வொரு வாட்டியும் திறந்து திறந்து பாத்திருக்கேன். குழாய் பின் சக்கரத்துக்கு மேல வரும், பாருங்க.”

மருமகள் வண்டிக்கு அடியில் நுழைந்தாள்.

“என்னடி?”

“அடைப்பு இல்ல அத்தை. நுனியை மடிச்சுக் கட்டியிருக்கு. சைக்கிள் டியூப் ரப்பர்ல.” அப்புறம், “இடது கை முடிச்சு.”

மகன் இடது கைக்காரன். மழைக்கு ஓடை பெருகியபோது, டேங்க்குக்குள் தண்ணீர் ஏறாமல் கட்டியிருக்கிறான். வடிந்ததும் அவிழ்த்திருப்பான். அதற்குள் காய்ச்சல். மழை முடியும்வரை வண்டியை யாரும் எடுக்கவில்லை.

“கத்தி தரவா?”

“வேணாம்.”

“அப்ப அவிழ்த்துடு. தண்ணி ஏறக் கூடாதுன்னு கட்டினான். இப்பதான் தண்ணி இல்லியே.”

“நீங்க அவிழ்க்கறீங்களா?”

என் முட்டி மடங்காது. அது அவளுக்குத் தெரியும். இருந்தும் கேட்டாள். கீழே நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வந்தபோது கையில் அறுபடாத ரப்பர். ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வண்டி உச்சிவரை போயிற்று.

மார்ச் 16, ஞாயிறு

அவள் அண்ணன் வந்தான். இந்தத் தடவை நாற்காலியைத் துடைக்கவில்லை. “கிளம்பலாமா?” என்றான். பாதிப் பெட்டி மேலே போயாகிவிட்டது, மீதியையும் ஏற்ற வேண்டும் என்றாள். என்னைப் பார்த்தான். “அவ இஷ்டம்” என்றுதான் சொல்ல நினைத்தேன். “இருக்கட்டுமேப்பா” என்று வந்துவிட்டது.

அவளே அவனைத் தவளையில் ஏற்றிப் பஸ் நிற்கும் இடத்தில் விட்டுவிட்டு வந்தாள்.

மார்ச் 18, செவ்வாய்

கடைசிப் பெட்டியை இறக்கும்போது ஈ ஒன்று என் புறங்கையில் கொட்டிவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனையோ கொட்டு வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு ஐயோ என்று அலறினேன். அலறியவள் நிறுத்தவில்லை. மண்ணில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

மருமகள் ஓடி வந்து நகத்தால் கொடுக்கை எடுத்தாள். “ஒரு கொட்டுக்கா அத்தை இவ்வளவு?”

“ஆமாடி. வலிக்குது.”

அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வண்டியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.