ஆசா லெட்பெட்டரும் என் செவ்வாய்க்கிழமை வகுப்பும்

செப்டம்பர் 9, செவ்வாய்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நாங்களே சேர்ந்து சொல்லிக்கொடுக்கும் வீட்டுப்பள்ளிக் குழுவின் முதல் நாள். சபையின் கீழ்த்தளத்தில் போன வருஷத்து ஈரவாடை அப்படியே இருக்கிறது. எனக்கு இந்த வருஷமும் வரலாறுதான். என் ஹேட்டி முதல் வரிசையில், அம்மா மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்ற முகத்தோடு. அவளுக்குப் பக்கத்தில் டானெட்டின் மகள் திர்சாள்.

ஜெபித்து ஆரம்பித்தேன். வருஷாவருஷம் சொல்வதையே சொன்னேன்: வரலாறு வெறும் தேதிகள் இல்லை, மனுஷர் கர்த்தருடைய கண்ணுக்கு முன்னால் என்ன செய்தார்கள் என்பது. இதற்காகத்தானே ஹேட்டியை அரசுப் பள்ளியிலிருந்து நிறுத்தினேன்.

டானெட்தான் குழுவை நடத்துகிறவள். வகுப்பு முடிந்ததும் ஐஸ் டீயோடு வந்தாள். வசந்தத்தில் சபைக்கு இருநூறாவது ஆண்டு. "உன் பிள்ளைங்க ஆசா தாத்தாவைப் பத்தி ஒரு நாடகம் போடணும்டி. ஆத்து வெள்ளத்துல இறங்கி ஞானஸ்நானம் குடுத்தாரே, அது கட்டாயம் வரணும்." சபையை நிறுவிய போதகர் ஆசா லெட்பெட்டர் அவள் வம்சத்தில் மூத்தவர். சரி என்றேன். எனக்கும் பிடித்த கதைதான்.

செப்டம்பர் 23

ஆசாவாக யார் நடிப்பது என்று சண்டை. தும்மாமல் தாடி ஒட்டிக்கொள்ள முடிந்தவனுக்கே என்று தீர்ப்பு சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆசாவின் கல்லறையைக் காட்டப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனேன். எல்லாரும் கல்லில் இருந்ததைப் படித்தார்கள். திர்சாள் மட்டும் வேலியோரம் நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம், புல்லுக்குள், பெயரில்லாத சின்னச் சின்னக் கற்கள்.

"மிஸ் கெண்ட்ரா, அங்க யாரு?"

எனக்குத் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்த எல்லாருக்கும் அரைகுறையாகவாவது தெரியும். யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

"ஆசா போதகரோட அடிமைங்க," என்றேன். "அவர் விலைக்கு வாங்கினவங்க. நம்ம சபையோட முதல் சுவரைக் கட்டினதும் அவங்கதான்."

"ஜெபம் பண்ணிக்கிட்டே வாங்கினாரா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அக்டோபர் 15

காலையிலிருந்து போன். கடைசியில் டானெட்.

"இந்தப் பேச்செல்லாம் வேண்டாம்னுதானே நாம பள்ளிக்கூடத்தையே விட்டு வந்தோம்? என் பொண்ணு சாப்பிட உக்காந்துக்கிட்டு, நாம கெட்டவங்களான்னு கேக்குறா!"

"நீ என்ன சொன்ன?"

"பேசாம சாப்பிடுன்னேன்."

போனை வைத்துவிட்டேன். நான் என்ன சொல்லியிருக்கணும்? தெரியாதுன்னா? பிள்ளைங்ககிட்ட, கல்லறையில நின்னுக்கிட்டு, பொய்யா?

என் கணவன் வேட் இந்தச் சபையில் டீக்கன், சபைக் காரியங்களைப் பார்ப்பவர்களில் ஒருவன். "நீ சொன்னது சரிதான். ஆண்டுவிழா முடியட்டுமே," என்றான்.

"இருநூறு வருஷம் ஆச்சு, வேட்."

வாயில் மக்காச்சோள ரொட்டி. இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டான்.

அக்டோபர் 28

பாஸ்டர் ராய்ஸ் கூப்பிட்டனுப்பினார். "அந்த ஒரு பாடத்தை மட்டும் விட்டுடும்மா. பிள்ளைங்க மனசு இளசு."

"தாவீது ராஜா அடுத்தவன் பொண்டாட்டியை எடுத்துக்கிட்டு, அவனையும் சாகடிச்ச கதையை நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே சொன்னீங்களே, பாஸ்டர். வேதத்துல அதை யாரும் கிழிச்சு எடுக்கலையே."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுட்டேன்."

நவம்பர் 4, செவ்வாய்

இன்று நாடக ஒத்திகை மட்டும். அந்தப் பாடத்தை அடுத்த வாரம் எடுப்பேன். ஆனால் அந்த மனுஷரின் பெயர்கூடத் தெரியாமல் என்ன பாடம்?

மதியம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கறுப்பர் சபைக்குப் போனேன். மிஸ் வெர்டெல் ஓக்ஸ் அங்கேதான் இருந்தார். ஆசாவின் பண்ணையில் இருந்தவர்களின் வம்சம். நாங்கள் பிள்ளைகளை நிறுத்திய அதே பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எங்க பள்ளிக்கூடம் ஆகாதுன்னு பிள்ளையைக் கூட்டிட்டுப் போனவங்கதானே நீங்க?"

"ஆமாங்க, மேடம்."

"இப்ப பாடம் கேக்க என்கிட்டயே வந்திருக்கீங்க." சிரிக்கவில்லை. ஆனால் பீக்கன் கொட்டை வைத்துச் சுட்ட பலகாரம் ஒரு துண்டு வெட்டி முன்னால் வைத்தார்.

நான் கேட்டதும் பெயர்களை மடமடவென்று சொன்னார். அம்ப்ரோஸ். டைசி. லெட்டிஸ். பெயர் வைக்கும் முன்பே செத்துப்போன லெட்டிஸின் பிள்ளை. "வருஷாவருஷம் ஆகஸ்ட்ல ஆராதனை நடுவுல எழுந்து நின்னு சொல்றோம். மறைச்சு ஒண்ணும் வைக்கல. உங்க கரையிலேருந்து யாரும் வந்து கேட்டதில்ல."

பெயர்களை எழுதிக்கொண்டேன். வகுப்புக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

"அந்தச் சபைக்குள்ளயா? முதல்ல நீங்களே அங்க இருப்பீங்களான்னு பாருங்க."

நவம்பர் 11, செவ்வாய்

நடத்திவிட்டேன். பெயர்களைப் பிள்ளைகள் சத்தமாகச் சொன்னார்கள். "ஆசாவும் ஜெபிச்சார், லெட்டிஸும் ஜெபிச்சா. ஒரே கர்த்தர்கிட்ட. ரெண்டு பேரும் என்ன கேட்டிருப்பாங்கன்னு எழுதிட்டு வாங்க," என்றேன். பின்னால் இரண்டு அப்பாக்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

நவம்பர் 13

குழுவில் ஓட்டெடுப்பு. வரலாறு இனி வீடியோப் பாடமாம். எனக்கு வகுப்பு இல்லை. அறிவித்தது டானெட். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஹேட்டி குறைமாசத்துல பிறந்தப்ப ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே எனக்காகக் கிடந்தவ அவ. அவளா—

அழுதேன். அழுதுகொண்டே பிஸ்கட் மாவு பிசைந்தேன். ஆனால் விடப்போவதில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

வேட் தானாகவே சோபாவை ஓரம் தள்ளி, சாப்பாட்டு மேசையை முன்னறைக்கு இழுத்துப் போட்டான்.

"உன் டீக்கன் பதவி போயிடுச்சுன்னா?"

"ஞாயித்துக்கிழமை சீக்கிரம் சாப்பிட வந்துடலாம்."

ஹேட்டியோடு பக்கத்துப் பண்ணைப் பிள்ளைகள் இருவர். மூன்று பேருக்கும் முழு வகுப்பு எடுத்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

வாசலில் திர்சாள்! டானெட் காரைவிட்டு இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளை உள்ளே வந்ததும் போய்விட்டாள்.

"வீடியோ பாத்தா தூக்கம் வருதுன்னு அம்மாகிட்ட சொன்னேன்."

"நிஜமாவே அதுக்குத்தான் வந்தியா?"

"அதுக்கும்தான்."

பிப்ரவரி 10, செவ்வாய்

மிஸ் வெர்டெல் வந்தார். ஒரு வருஷத்தை நான் தப்பாகச் சொன்னதை எல்லார் முன்னாலும் திருத்தினார். பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இந்தப் பள்ளத்தாக்கில் நடந்த எல்லாவற்றிலும் கர்த்தருடைய கை இருந்தது என்று நான் சொன்னபோது கையை உயர்த்தினார். "அவர் தலையில எல்லாத்தையும் போடாதீங்க, மிஸ் கெண்ட்ரா. சாட்டை ஆசா கையிலதான் இருந்துச்சு."

அந்த வாக்கியத்தை இருபது வருஷமாக யோசிக்காமல் சொல்லி வந்திருக்கிறேன். இனி யோசித்துச் சொல்ல வேண்டும். கர்த்தர் பார்த்துக்கொண்டிருந்தார் — அதை நம்புகிறேன். அதிலிருந்துதான் இனி ஆரம்பிப்பேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இருநூறாவது ஆண்டுவிழா. வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போனோம். நாடகம் நன்றாகவே இருந்தது. லெட்டிஸையும் மற்ற அடிமைகளையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திர்சாள் மேடை ஏறவில்லை. டானெட்டின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தாவின் காதில் என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதை டானெட் பார்த்ததை நான் பார்த்தேன்.

பாட்டுகளை அடித்தொண்டையிலிருந்து பாடினேன். இது என் சபையும்தான்.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்று கார் எஞ்சின் நின்றது. திர்சாளுக்குப் பின்னால் டானெட், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"இவ எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. நானே வந்து கேட்டுட்டுப் போறேன்," என்றாள் சுவரைப் பார்த்து.

இப்போதெல்லாம் வாராவாரம் வரும் மிஸ் வெர்டெல் பக்கத்து நாற்காலியிலிருந்து தன் கைப்பையை எடுத்துக் கீழே வைத்தார். "உக்காருங்க."

டானெட் உட்கார்ந்தாள். "அப்பாகிட்ட கேட்டேன்டி. எனக்கு மேலோட்டமாத்தான் தெரியும். அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. 'இப்ப எதுக்கு அதெல்லாம்'ங்கிறார்."

விடுதலைக்குப் பிந்தைய வருஷங்களில் இருந்தோம். பண்ணையைவிட்டு நடந்து வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்பது இன்றைய பாடம்.

"எந்தப் பக்கம்?" என்று டானெட் கேட்டாள்.

ஹேட்டி பாடம் இருந்த இடத்தில் விரல் வைத்து, தன் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினாள். நான் பாடத்தைத் தொடர்ந்தேன்.