பெட்ரோல் மூடிக்குள் நீலப் பூ

என் பாசமுள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் சுகம். பாப்பா சுகம். அத்தையின் முழங்கால் பாதி சுகம். வண்டி முழுச் சுகம். கடைசியாகச் சொன்னதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். நீங்கள் வேலை செய்யும் சுரங்கத்துக்கு வெளியே அந்த ஒற்றைப் பாறைமேல் ஏறி நின்றால்தான் உங்களுக்கு டவர் கிடைக்கிறது. கிடைத்ததும், வண்டியை வித்துத் தொலை, வேலையையும் விட்டுடு, வீட்டுல பத்திரமா இரு என்று மூச்சுவிடாமல் சொல்லிப் போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

உங்கள் கூட்டாளி மீசைக்காரர் வந்திருந்தார். டயரை இரண்டு உதை உதைத்துவிட்டு, இந்தத் திக்குவாய் வண்டியை நானா இருக்கக்கண்டு வாங்கிக்கறேன், ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பாப்பா அன்றிலிருந்து அவரை மாமா என்று கூப்பிடுவதில்லை.

என் வேலை என்னவென்று உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. விடிந்ததும் வீடு வீடாகப் போய் நோயாளிகளின் ரத்தத்தைக் குழாயில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் லேபில் நேரத்துக்குச் சேர்க்க வேண்டும். தாமதமானால் ரத்தம் வீண். ஒருமுறை அப்படித்தான் ஆகிப்போய், ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு பெரியவருக்கு மறுபடியும் குத்தினேன். பரவால்லம்மா என்றார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. லேப் மேனேஜர் அம்மா சிடுசிடுப்புக்குப் பேர்போனவர். இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. போய்விடுமோ என்று தினமும் பயந்துகொண்டேதான் வண்டியை எடுத்தேன்.

வண்டியோ தினமும் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மிஸ் அடிக்க ஆரம்பிக்கும். முறுக்க முறுக்க இழுக்காது. டப் டப் என்று விட்டு விட்டு வெடிக்கும், முன்னும் பின்னும் உலுக்கும், அப்புறம் நின்றேவிடும். தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனால், டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போன பிள்ளை மாதிரி சாதுவாக ஓடும். அவர் கடையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்பார். ஆனாலும் பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். இக்னிஷன் காயில் சூடேறினா இப்படித்தான் படுத்தும் என்று அதையும் மாற்றினார். மறுநாள் அதே பாலம், அதே டப் டப். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, இன்ஜினை இறக்கித்தான் பாக்கணும், பழைய வண்டி இல்லையா என்றார். அத்தையும் தன் பங்குக்கு, சனியனை வித்துடு என்றார்.

பெட்ரோல் முள்தான் என்றைக்கோ செத்துவிட்டதே. அதனால் நிற்கும்போதெல்லாம் நான் மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். திரும்ப மூடிவிட்டு உதைத்தால் கிளம்பிவிடும். பாவம், ஓய்வு கேட்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை அப்போதுதான் டேங்கை நிரப்பியிருந்ததால் மூடியைத் திறக்கவில்லை. ஓய்வு மட்டும் கொடுத்தேன். கிளம்பியது, நாலு கடை தாண்டுவதற்குள் மறுபடியும் நின்றது. உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. மேனேஜர் அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது.

அப்போதுதான் பொறி தட்டியது. ஓய்வு எப்போதும்தான் கொடுக்கிறேன், இன்றைக்கு எதைச் செய்யவில்லை? மூடியைத் திறக்கவில்லை! உடனே திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. இத்தனை நாள் லாரி இரைச்சலில் அது என் காதில் விழுந்ததே இல்லை. மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவினேன். ஏதோ வழவழவென்றிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன். மூடிக்கு அளவெடுத்தாற்போல வட்டமாக வெட்டின பிளாஸ்டிக். அதில் பாதி நீலப் பூ.

நம் சாப்பாட்டு மேசை விரிப்பு! மிச்சத்துண்டில் நீங்கள் ரிமோட்டுக்கு உறை போட்டீர்கள், கடிகாரத்துக்குப் போட்டீர்கள், என் அடையாள அட்டைக்கும் போட்டீர்கள். சுரங்க வேலைக்குக் கிளம்பிய அவசரத்திலும், நான் மழையில் வண்டியை நனைய விடுவேன், டேங்குக்குள் தண்ணீர் இறங்கிவிடும் என்று கவலைப்பட்டு இதையும் செய்திருக்கிறீர்கள். நடுரோட்டில் நின்று சிரித்தேன். பக்கத்தில் வந்தவர் வண்டியை மெதுவாக்கி என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

பிளாஸ்டிக்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வண்டி பாலத்தில் ஒரே மூச்சில் ஏறியது! லேபில் நுழைந்தபோது மேனேஜர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், ஐஸ் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், குழாய்களை எண்ணி உள்ளே எடுத்துவைத்தார். நேற்று கூப்பிட்டு, அடுத்த மாசத்துல இருந்து நீ நிரந்தரம் என்றார். முகத்தில் சிடுசிடுப்பு அப்படியேதான் இருந்தது.

மெக்கானிக் அண்ணனிடம் அந்தப் பூவைக் காட்டி, யார் வைத்தது என்றும் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். மூடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கிறதாம். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அது வழியாகக் காற்று உள்ளே போக வேண்டுமாம். எண்ணெய் டின்னில் ஒரே துளை போட்டால் எண்ணெய் ஒழுங்காக இறங்காது இல்லையா, அந்தக் கதைதான். இன்ஜினைப் பிரிக்கப் பாத்தேனே, உன் வீட்டுக்காரர் இவ்வளவு கெட்டிக்காரரா என்றார். உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் எதையுமே பத்திரமா வெச்சுக்கறவர் என்றேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை. பொய் சொல்வானேன், கொஞ்சம் இருக்கிறது. மழையில் போகாதே, வேலையை விடு, வீட்டில் இரு என்று நீங்கள் சொல்வதெல்லாம் பாசத்தால்தான். இந்த நீலப் பூவும் பாசத்தால் வைத்ததுதான். ஆனாலும் எனக்கு மூச்சு முட்டுகிறது. நனைந்தால் துடைத்துக்கொள்வேன். வண்டி நின்றால் ஏன் நின்றது என்று பார்த்துக்கொள்வேன். பார்த்துக்கொண்டேன் அல்லவா?

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பாறைமேல் ஏறி மீசைக்காரருக்குப் போன் போட்டு, வண்டி விற்பனைக்கு இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால், அவன்கிட்ட கேட்டுக்கறேன் என்பார். லீவுக்கு வரும்போது ஆட்டோ பிடிக்க வேண்டாம். ஸ்டேஷனுக்கு நான் வருவேன். நீங்கள் பின்னால் உட்காருங்கள். பிரேக் பிடி, பிரேக் பிடி என்று கத்தக் கூடாது.

உள்ளே வேலை செய்கிறவர்களுக்காகச் சுரங்க வாயிலிலிருந்து பெரிய குழாயில் காற்று அனுப்புவார்கள் என்று சொன்னீர்களே. தினமும் உள்ளே இறங்குவதற்கு முன்னால், அந்தக் காற்று வருகிறதா என்று ஒருதரம் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி