கடைச் சின்னத்தில் உங்கள் முகம்

இன்று காலை உங்கள் தம்பி போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். நம் ஏலக்காய்க் கடையின் புதுச் சின்னம். பழைய பச்சை வட்டம் அப்படியே இருக்கிறது. நடுவில் காய்களுக்குப் பதிலாக உங்கள் முகம். போடி கடைவீதியில் முதலாளி காலமானால் அவர் படத்தைப் பையிலும் பில்லிலும் அச்சடிப்பது வழக்கம்தானே. அதையே நம் இணையப் பக்கத்தின் தலையிலும் வைக்க வேண்டுமாம். பக்கத்தைக் கவனிப்பவள் நான்தான். படத்தைத் திறந்தவள், அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

சர்க்கரை உங்கள் பார்வையைக் கொண்டுபோன பிறகு வெகுநாள் நீங்கள் கடைப்பக்கமே போகவில்லை. அப்புறம்தான் போனில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அந்தக் குரலைப் பழகிக்கொண்டீர்கள். அவளுக்குப் 'போன்காரி' என்று பேர் வேறு வைத்தீர்கள். முதன்முதலாக நம் கடைப் பக்கத்தைத் திறந்தபோது அவள் "படம்" என்றாள். அவ்வளவுதான். பக்கத்தைச் செய்தவர் பைக்கு அச்சடித்த படத்தையே தூக்கி அங்கே போட்டிருந்தார். கடைப் பெயர், ஊர் எல்லாம் அந்தப் படத்துக்குள் இருந்தன. கண்ணால் பார்ப்பவர்களுக்குத் தெரியும், அவளுக்கு எங்கே தெரியும்?

"எங்கப்பா வச்ச பேரு. என் கடைக்குள்ள என்னாலயே நுழைய முடியல, பாத்தியா?" என்றீர்கள். கண் போனபோதுகூட அழாத நீங்கள் அன்று அழுதீர்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் பழனிசெட்டிபட்டியில் இணையப் பக்கம் செய்கிற வேலை பார்த்தவள் நான். படத்தோடு சேர்த்து, திரையில் தெரியாமல் போன்காரி மட்டும் வாசிப்பதற்கென்று எழுத்து வைக்கலாம் என்று தெரியும். ஆசை ஆசையாக எழுதினேன்: பச்சை வட்டம், நடுவில் மூன்று ஏலக்காய், பின்னால் மலை, கீழே தங்க நிறத்தில் கடைப் பெயர். சின்னம் எல்லாப் பக்கத்தின் தலையிலும் இருந்ததால், எங்கே போனாலும் அவள் இதை முதலிலிருந்து ஓத ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் போனை என் மடியில் போட்டுவிட்டீர்கள்.

"ஏத்தா, கடைக்குள்ள நுழையிறப்பல்லாம் போர்டுல என்ன கலரு, எத்தன காயின்னு எவனாச்சும் கேப்பானா? கடைப் பேரச் சொல்லு. அத அமுக்குனா முகப்புக்குப் போகும்னு சொல்லு. அம்புட்டுத்தான்."

"பாத்துப் பாத்து எழுதுனேங்க."

"காய நான் மோந்து பாத்துக்கிறேன். நீ பேரச் சொல்லு."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கடைப் பெயரையும் 'முகப்பு' என்பதையும் மட்டும் வைத்தேன். அன்றிலிருந்து அன்றாட விலை போடுவதும், தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் கேட்பவர்களுக்குப் பதில் எழுதுவதும் நீங்களேதான். யாரையும் கூப்பிடாமல் உங்கள் கடைக்குள் நீங்களே போய் வந்தீர்கள். பாவி மனுஷா, போன தையில் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் இப்படிப் போய்விட்டீர்களே.

மத்தியானம் புதுச் சின்னத்தை ஏற்றினேன். எழுத்து வைக்கிற இடத்தில் கை தானாக அடித்தது: சிரித்த முகம், நெற்றியில் திருநீறு, கறுப்புக் கண்ணாடி. போன்காரியை வாசிக்கச் சொன்னேன். அவள் வாயால் உங்களைக் கேட்டதும் உடைந்துபோனேன். அதைக் கேட்டுக்கொண்டே உங்கள் தம்பி உள்ளே வந்தான்.

"அண்ணே பேரையும் சேத்து நல்லா விரிவா எழுதுங்க, மதினி."

"அவுக இருந்தா திட்டுவாக" என்றேன்.

பிறகு ஒவ்வொரு சொல்லாக அழித்தேன். கண்ணாடி போயிற்று, திருநீறு போயிற்று, சிரிப்பும் போயிற்று. இப்போது கடைப் பெயரும் முகப்பும்தான் இருக்கின்றன. பார்க்கிறவர்களுக்கு நீங்கள் அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைப் போலக் காதை நம்பி வருகிறவர்களுக்கு நீங்கள் அங்கே இல்லை. சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். ஆனால் உங்களை என் கையாலேயே அழிக்க வைத்துவிட்டீர்களே.